ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று சொன்ன தனம் அக்காவுக்கு

என் தனம் அக்கா,

உனக்கு மருமகன் பிறந்திருக்கிறான். வேறு எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது சரோஜாவின் கட்டளை. மூக்கு உன்னுடையது. அழ ஆரம்பிக்கும் முன் நெற்றியைச் சுருக்குகிறானே, அதுவும் உன்னைப் போலத்தானாம். மூத்தவள் மல்லிகா பள்ளிக்கூடம் போகிறாள். நாங்கள் இப்போது தோ பாயோவில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். நீ பார்த்திருந்தால், "இந்த உயரத்துல வலி வந்து, லிஃப்டும் நின்னு போச்சுன்னா என்னடா பண்ணுவே?" என்று முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய்.

வருடா வருடம் உன் நினைவு நாளில் பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே நான்கு வரி எழுதிக் கொடுப்பேன். இந்த முறை நான்கு வரியில் அடங்காத ஒன்று இருக்கிறது. நேராக அதற்குப் போகத் தைரியம் வரவில்லை அக்கா. அதனால் உன் மோரிஸ் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நீ மிட்வைஃப். தேக்காவிலிருந்து ஃபேரர் பார்க் வரைக்கும் தனலெட்சுமி என்றால் யாருக்கும் தெரியாது, "மிஸ்ஸி" என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அப்பாவும் அம்மாவும் ஜப்பான்காரன் காலத்தில் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு என்னை வளர்த்தவள் நீ. நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் கெடைக்கல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். நான் கார் ரிப்பேர் வேலை பழகி, ஜாலான் புசார் பின்சந்தில் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். சரோஜாவைக் கட்டிக்கொண்டேன். மூன்று பேரும் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள்.

மோரிஸ் உனக்கு வந்தது கடலோரக் காத்தோங்கிலிருந்து. நீ பிரசவம் பார்த்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது உனக்கே கொடுத்துவிட்டுப் போனது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொண்டு நீ சிராங்கூன் ரோட்டில் ஓட்டிப் போவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நீ அவர்களைப் பார்த்ததே இல்லை. கண் ரோட்டில் இருக்கும்.

கடலோரத்தில் வருடக்கணக்காக வெயிலில் நின்ற வண்டி அது. ஸ்டியரிங் அங்கங்கே வெடித்திருந்தது. திருப்பும்போது வெடிப்பு மூடிக்கொண்டு விரல் தோலைக் கவ்வும். ஹார்ன் பட்டனை அமுக்கினால் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பொத்தோங் பாசிரில் ஒரு பிரசவத்துக்குப் போன வழியில், மண்பாதையை மறித்து நின்ற மாட்டை நீயே இறங்கித் தள்ளிவிட்டுப் போனதாக வந்து சொன்னாய்.

"மாடுதான் நகரலன்னா மனுஷனும் நகர மாட்டேங்கிறான்டா முத்து. நாளைக்கே சரி பண்ணு."

சுங்கை ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த சீன முதலாளி, டவுக்கேயிடம் அதே மாதிரி வண்டியின் ஸ்டியரிங் ஒன்று, வெடிப்பில்லாமல் கிடைத்தது. நடுவில் இருந்த ஒரே நட்டைக் கழற்றி, பழையதை இழுத்து எடுத்து, புதியதை ஏற்றினேன். ஹார்னுக்கு ஸ்டியரிங் தண்டுக்குள்ளே புது வயர் இழுத்தேன். துரு பிடித்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். நீ உட்கார்ந்து பட்டனை அமுக்கினாய். சந்தே திரும்பிப் பார்த்தது. எதிர்வரிசையில் தன் மூன்று சக்கர வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த திரிஷாக்காரர் கீழே விழப்போனார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது வண்டி. அந்தத் தீபாவளி கழிந்து மழை ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நீ இறங்காமலே கூப்பிட்டாய்.

"டேய், ஸ்டியரிங் கனமா இருக்குடா."

டயரில் காற்றுப் பார்த்தேன். சரியாக இருந்தது. முன்சக்கர மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடித்தேன், ஸ்டியரிங் பெட்டியில் எண்ணெய் ஊற்றினேன். நானே லவெண்டர் ஸ்ட்ரீட் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஒரு விரலால் திருப்ப முடிந்தது.

"பூ மாதிரி இருக்குக்கா. உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டாய்.

அடுத்த மாதமே திரும்ப வந்தாய். ஸ்டியரிங் இன்னும் கனமாம். பெரிய வட்டம் போட்டால் திருப்ப லேசாக இருக்கும் என்று நீயே சொன்னாய். ஒரு வேனின் ஸ்டியரிங்கைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். அது சரியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஹார்ன் அமுங்கவில்லை என்றாய். நான் அமுக்கினால் அலறியது. ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லியதாக ஒன்று போட்டேன். அதுவும் போதவில்லை. அதைவிட மெல்லியது போட்டேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே தானாக ஹார்ன் அடிக்கிற அளவுக்கு அது இளகிவிட்டது. அப்போதும் நீ, "கட்டை விரலால அமுக்க வரலடா" என்றாய்.

அந்தச் சமயத்தில்தான் ஜைனம்புவை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாய். அராப் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மகள், புதிதாக மிட்வைஃப் பரீட்சை பாஸ் பண்ணியவள். "தொழில் பழகட்டும்" என்று சொன்னாய். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சரோஜா அப்போது முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு நடுக்கம். "அண்ணி கை பட்டாத்தான் எனக்கு தைரியம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ ஒவ்வொரு முறையும், "பாக்கலாம், பாக்கலாம்" என்றுதான் பதில் சொன்னாய். ஆமாம் என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டாய். "விரலே வேண்டாம், முழங்கையால அமுக்கற மாதிரி ஹார்ன் எதாச்சும் இருக்காடா?"

இருந்தது. பெரிய அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங்குக்கு உள்ளே இன்னொரு வளையம் இருக்கும், பளபளவென்று. அதை எந்த இடத்தில் தொட்டு அழுத்தினாலும் ஹார்ன் அடிக்கும். டவுக்கேயிடம் அப்படி ஒன்று கிடந்தது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சின்ன காடிக்கு இவ்ளோ பெரிய ஸ்டியரிங்கா? பைத்தியம் லா நீ" என்றார். மோரிஸின் தண்டில் இருக்கும் பல் வேறு, அதன் பல் வேறு. கடைசல் பட்டறையில் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் பொருந்துகிற மாதிரி ஒரு துண்டு கடைந்து வாங்கிப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை என்று அன்று பெருமைப்பட்டேன்.

நீ வந்து உட்கார்ந்து, மணிக்கட்டால் வளையத்தைத் தட்டினாய். ஹார்ன் அடித்தது. "ஆங், இது போதும்" என்றாய். வெயில் நேராக உன் கைமேல் விழுந்திருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை இல்லை. தோண்டி எடுத்தது போலக் குழி.

"அக்கா, கை என்ன இப்படி இருக்கு?"

"நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, எளச்சுப் போச்சு." முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாய். உடம்பு இளைக்கவில்லை அக்கா. கை மட்டும் எப்படி இளைக்கும்? கேட்க நினைத்தேன். நீ வண்டியை எடுத்துவிட்டாய்.

அதன் பிறகு ரங்கூன் ரோட்டு முனையில் நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சாமான் வாங்க உன்னோடு நானும் வண்டியில் இருந்தேன். நல்ல பகல் நேரம், காய்ந்த ரோடு. வலது பக்கம் திரும்பினாய். திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. உன் விரல்கள் வட்டத்தின்மேல் கிடந்தன, பிடிக்கவில்லை. நீ முழங்கையைக் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தாய், முழங்கை வளையத்தின்மேல் விழுந்தது. ஹார்ன் விடாமல் அலற, வண்டி நேரே கடைகளின் முன்னாலிருந்த ஐந்தடி நடைபாதையை நோக்கிப் போனது. நான் குறுக்கே பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். வாழைப்பழக்காரர் தாவி ஒதுங்கினார். ஒரு கூடை நசுங்கியதோடு போயிற்று.

வண்டி நின்ற பிறகும் ஹார்ன் நிற்கவில்லை. உன் கையை நான்தான் தூக்கி எடுத்து உன் மடியில் வைத்தேன்.

"ரோட்டுல எண்ணெ கொட்டிக் கெடக்குடா" என்றாய்.

இறங்கிப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றும் இல்லை. பழக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, உன்னைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லி நான் ஓட்டினேன். ஃபேரர் பார்க் திடலோரமாக நிறுத்தச் சொன்னாய். முன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"டாக்டர் கிட்ட காட்டிட்டேன். நரம்பு செத்துக்கிட்டு வருதாம். மருந்து கெடையாதாம். கையில ஆரம்பிச்சிருக்கு, கையோட நிக்காதாம்."

நான் எஞ்சினை அணைத்தேன்.

"குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேட்டார். நம்ம வேலு சித்தப்பாவ நெனச்சுக்கிட்டேன். கை சூம்பி, கடைசியில பேச்சில்லாம போனாரே." அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "உன் கையக் கொண்டா."

கிரீஸ் படிந்த என் கையை உன் மடியில் வைத்து, கட்டை விரலுக்குப் பக்கத்துச் சதையை உன் மணிக்கட்டால் அழுத்தி அழுத்திப் பார்த்தாய். "கெட்டியாத்தான் இருக்கு" என்று உனக்கே சொல்லிக்கொண்டாய். அன்றிலிருந்து நீ போகிற வரை எத்தனை முறை அப்படிப் பார்த்திருப்பாய்!

"சரோஜாகிட்ட சொல்லாத. அவளுக்கு மாசம் நெருங்குது. பிரசவத்துல பயம் வந்தா பாதி பலம் போயிடும். நான் கூட நிப்பேன். கை ஜைனம்புவோடது, வாய் என்னோடது. அவ நல்லா பண்ணுவா."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்க்கா."

"அவ கிட்ட காரணம் என்ன சொல்லுவே?"

அன்றிலிருந்து சரோஜாவின் முகத்தை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அவள் சின்னச் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டே, "அண்ணி இருக்கும்போது எனக்கென்ன" என்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ சத்தமில்லாமல் படுத்திருப்பாய்.

சுயாட்சி வந்து ஊரெல்லாம் கொடி கட்டியிருந்த வருடம் அது. சரோஜாவுக்குக் காலையில் லேசாகத் தொடங்கிய வலி மத்தியானத்துக்குள் முற்றிவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம் நின்ற அந்த மழையில் ஆஸ்பத்திரி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஜைனம்பு நனைந்தபடி வந்து சேர்ந்தாள். நான் தடுப்புக்கு வெளியே நின்றேன். பலகை இடுக்கில் தெரிந்ததெல்லாம் உன் முதுகுதான். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தாய்.

உன் குரல் மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஜைனம்பு கத்தினாள்.

"அக்கா, கழுத்துல கொடி சுத்தியிருக்கு! நீங்க வாங்க, நீங்க பிடிங்க!"

"நான் பிடிச்சா நழுவிடும். நீ பிடி."

நீ அதை மெதுவாகச் சொல்லவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எதை மறைக்க இத்தனை மாதம் பாடுபட்டாயோ, அது கேட்கக் கூடாதவள் காதில், கேட்கக் கூடாத நேரத்தில் விழுந்துவிட்டது. சரோஜா அலறப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

"சரோஜா, இப்ப முக்காத. நான் சொல்ற வரைக்கும் முக்காத. வாயால மூச்சு விடு. ஜைனம்பு, ஒரு விரலக் கொடிக்குக் கீழ குடு. இழுக்காத. மெதுவா தலைக்கு மேல ஏத்திக் கழட்டு. அவசரமில்ல."

"வரமாட்டேங்குது அக்கா."

"வரும். இன்னொரு விரல் குடு."

பிறகு எவ்வளவு நேரமோ. "கழண்டுடுச்சு" என்ற குரல். குழந்தை வெளியே வந்துவிட்டதும் தெரிந்தது, ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. "துணியால முதுகத் தேய். இன்னும். இன்னும் நல்லா தேய்டி" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் தோள்கள் இரண்டும் முந்தானைக்குள் துடிப்பதைப் பார்த்தேன். அந்தக் கைகள் தாமாகவே தேய்க்கப் பார்த்திருக்கும். மல்லிகா அழுதாள்.

ஒரு மாதம் கழித்து, சரோஜாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். அக்காவுக்கு உடம்பில் ஒரு கோளாறு என்றேன். அவள் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அன்னிக்குக் காலையிலயே எனக்குத் தெரியுங்க. வலி வந்தப்ப அண்ணி கையப் பிடிச்சேன். அவங்க திருப்பிப் பிடிக்கல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அவங்க குரலு நடுங்கலயே. அது போதும்னு இருந்துட்டேன்."

இதை நான் உன்னிடம் சொன்னதில்லை அக்கா. சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். நீ ஏமாற்றியதாக நினைத்து வருந்துவாய் என்று பயந்தாள். இப்போது சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்திருக்கிறீர்கள், நடுவில் கிடந்து வெந்தவன் நான்.

நீ மல்லிகாவைத் தூக்கவே இல்லை. அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் தூக்கியவள் தம்பி பிள்ளையைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாளே, ஜாதகம் சரியில்லையோ என்று. நீ தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாய், குழந்தை கையை நீட்டினால் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பாய்.

நீ ஓட்டுவதை நிறுத்தியிருந்தாய். ஒரு சாயங்காலம், வண்டியில் உட்கார வேண்டும் போலிருக்கிறது என்றாய். திடலோரம் கொண்டுபோய் நிறுத்தி, உன்னை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்து, குழந்தையை உன் மடியில் கிடத்தி, கீழே என் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை உதைத்தாள். குதிகால் வளையத்தில் பட்டது. ஹார்ன் அடித்ததும் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் நிறுத்திய பிறகும் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் கண் பயந்திருந்தது, வாய் சிரித்தது. நிறுத்தப் பார்த்தாய், நிற்கவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாய். அடங்கிய பிறகு நீ பேசிய முதல் வார்த்தை குழறியது.

நோய் கையைத் தாண்டிவிட்டது என்று அங்கேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

பேச்சு போன பிறகு உனக்குக் கூப்பிட வழியில்லாமல் போயிற்று. ஒரு முறை தாகத்தில் நீ தவித்துக் கிடந்தது யாருக்கும் தெரியாமல் சரோஜா சமைத்துக்கொண்டிருந்தாள். அன்றே பட்டறைக்குப் போய் மோரிஸின் ஸ்டியரிங்கைக் கழற்றினேன். ஹார்னையும் எடுத்தேன். வளையத்தை ஒரு பலகையில் முடுக்கி உன் கட்டிலோரம், முழங்கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். கட்டிலுக்கு அடியில் பேட்டரி. ஹார்னை ஜன்னலில் மாட்டி, அதன் வாயில் பழைய துணியை அடைத்துச் சத்தத்தைக் குறைத்தேன். சின்னதாக அடித்தால் தண்ணீர், நீளமாக அடித்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், விட்டுவிட்டு அடித்தால் மல்லிகாவைக் கொண்டுவர வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். நீ அதிகம் கேட்டது மூன்றாவதைத்தான்.

அந்தத் தெருவில் பலருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. எனக்குப் பழகவே இல்லை. பட்டறையில் எந்த வண்டியின் ஹார்ன் அடித்தாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். சத்தம் கேட்டாலும் பயம், ரொம்ப நேரம் கேட்காவிட்டாலும் பயம்.

கடைசி நாள் காலையில் அடித்தது எதிலும் சேராத சத்தம் என்று சரோஜா சொல்கிறாள். தேய்ந்து, நின்று, மறுபடி எழும்பி, பாதியில் அறுந்தது. "இதோ வரேன் அண்ணி" என்று அடுப்பை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். உன் முழங்கை வளையத்தை விட்டு நழுவிக் கிடந்தது. கண் வாசலைப் பார்த்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு நான் அந்த ஹார்னைச் சோதித்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. வயர் ஒன்றும் தளரவில்லை. அப்படியென்றால் நீ ஏதோ சொல்லத்தான் அடித்திருக்கிறாய். என்ன கேட்டாய் அக்கா? தண்ணீரா? பிள்ளையா? என்னையா?

மோரிஸ் இப்போது ஜைனம்புவிடம் இருக்கிறது. உன் பையையும் வாங்கிக்கொண்டாள். வண்டிக்குச் சாதாரண ஸ்டியரிங் ஒன்று போட்டு, புது ஹார்ன் வைத்துக் கொடுத்தேன். கேலாங்கின் லோரோங் சந்துகளில் எல்லாம் இப்போது அவள்தான் மிஸ்ஸி. உன் மருமகனையும் அவள்தான் எடுத்தாள். அவன் வருவதற்கு நாங்கள் இத்தனை வருடம் தயங்கியதற்குக் காரணம் உனக்குத் தெரியும். வேலு சித்தப்பா, நீ, அடுத்து யார் என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது. சரோஜாதான் கடைசியில், "வர்றது வரட்டும்" என்றாள்.

இனி நான் சொல்ல வந்தது.

போன மாதம் ஒரு லாரியின் ஸ்டியரிங் நட்டை முடுக்கும்போது ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. எண்ணெய்க் கை என்று துடைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி விழுந்தது. கை காய்ந்திருந்தது. சட்டைப் பொத்தான் காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கிறது. கட்டை விரலுக்குப் பக்கத்தில், நீ அழுத்திப் பார்ப்பாயே, அந்த இடத்தை நானே தினமும் அழுத்திப் பார்க்கிறேன். ஒரு நாள் கெட்டியாக இருப்பது போலிருக்கிறது. ஒரு நாள் இல்லாதது போலிருக்கிறது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். முப்பது வயதைத் தாண்டிய மெக்கானிக்குக்குக் கை வலிப்பது அதிசயமா? ஆனால் நீயும் முதலில் இப்படித்தானே உனக்கே சொல்லிக்கொண்டிருப்பாய்?

உன்னைப் போல மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சரோஜா பச்சை உடம்புக்காரி, இரண்டு பிள்ளைகள். ஸ்பேனர்களுக்குப் பிடி கனமாக வைத்துக்கொள்ளலாம், நட்டுகளை முடுக்க வேலைக்காரனிடம் சொல்லலாம். அதற்கான தந்திரமெல்லாம் எனக்குத் தெரியும். உனக்காக ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தவன் நானாயிற்றே. ஆனால் அந்த மாதங்களில் உன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே மாடியில் இருந்தோம், நீ தனியாக இருந்தாய். அந்தத் தனிமைக்குள் நான் போக மாட்டேன்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும். அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே, சரோஜாவிடம் என் வாயால் சொல்லிவிடுவேன். பிள்ளையை ஜைனம்புவிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் சேர்ந்தே திங்கட்கிழமை டாக்டரிடம் போவோம். அவர் என்ன சொன்னாலும் அவள் பக்கத்தில் இருந்து கேட்பாள். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. இதை மீறினால் நீ என்னைத் தம்பி என்று நினைக்க வேண்டாம்.

உன் கையால் உண்டு வளர்ந்த தம்பி,
முத்தையா